கோர் 72 டிகிரிதான், ஆனாலும் திரையில் கட்டங்கள்

இந்த மே மாதம், கத்திரி வெயில் தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருக்கும். திருச்சியிலிருந்து அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். மானிட்டரைப் போனில் எடுத்த படம். விளையாட்டின் நடுவே திரை முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி வரிசை வரிசையாக. கீழே ஒரே வரி: "மாமா, கார்டு போயிருச்சாம். கடைல புதுசு வாங்கச் சொல்றாங்க."

திரைக்குப் படம் வரைந்து தருகிற அந்த 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டை அவன் ஒன்றரை வருடம் காசு சேர்த்து செகண்ட் ஹேண்டில் வாங்கினான். இன்னொன்று வாங்குவது அக்கா வீட்டில் சின்னச் செலவில்லை. அதனால் கடையில் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள், கட்டங்களைக் கண்டதும் முடிவு சொல்லிவிட்டார்கள். கட்டம் வந்தால் கார்டு செத்தது என்பது பாதி உண்மைதான். சாகப்போகிற கார்டிலும் அப்படி வரும், நன்றாக இருக்கிற கார்டு சூடு தாங்காமல் திணறும்போதும் அப்படியே வரும். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பணம் வேண்டாம், பொறுமை வேண்டும்.

முதலில் அவனிடம் கேட்டது ஒன்றுதான். "போன்ல எடுக்காத, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பு."

இந்தச் சோதனையை நான் எல்லோருக்கும் சொல்கிறேன், ஏனென்றால் பாதி குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும். ஸ்கிரீன்ஷாட் என்பது கார்டு வரைந்து முடித்த படத்தை நினைவகத்திலிருந்து அப்படியே எடுப்பது. கேபிள், மானிட்டர் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஸ்கிரீன்ஷாட்டில் கட்டங்கள் இருந்தால் தப்பு கார்டிலோ, அதை விண்டோஸ் இயக்க உதவும் டிரைவர் நிரலிலோ, அந்த விளையாட்டிலோ. கண்ணுக்குத் தெரிகிற கோளாறு ஸ்கிரீன்ஷாட்டில் இல்லையென்றால் கேபிளையும் மானிட்டரையும் பார்க்க வேண்டும், கார்டைத் திட்டிப் பயனில்லை. அவன் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் கட்டங்கள் அச்சு அசலாக இருந்தன. ஆனால் கூடவே இன்னொன்றும் சொன்னான்: சில நேரம் திரை இரண்டு விநாடி கறுத்துவிட்டுத் திரும்ப வருகிறதாம், டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போதுகூட. அதை அப்போதைக்குத் தனியாக எழுதி வைத்துக்கொண்டேன். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு நோய் இருந்தால் ஒன்றின் அறிகுறி இன்னொன்றைத் தேட விடாது.

அடுத்த கேள்வி, கட்டங்கள் எப்போது வருகின்றன? கம்ப்யூட்டரைப் போட்டவுடன், விண்டோஸ் வருவதற்கு முன்னால், பயாஸ் திரையிலேயே கோடுகளோ கட்டங்களோ தெரிந்தால் நிலைமை மோசம். அங்கே டிரைவரும் இல்லை, விளையாட்டும் இல்லை, சூடும் ஏறியிருக்காது. அப்படியானால் பெரும்பாலும் நினைவகச் சில்லோ அதன் இணைப்போ போயிருக்கும். ஒரே ஒரு விளையாட்டில் மட்டும் வந்தால் அந்த விளையாட்டின் கோப்புகளைச் சரிபார்த்து, ஷேடர் கேஷை, அதாவது அது சேமித்து வைத்த தற்காலிகக் கோப்புகளை, அழித்துவிட்டுப் பார்க்கலாம். இவனுக்கு பயாஸ் சுத்தம், டெஸ்க்டாப் சுத்தம். எந்த விளையாட்டாக இருந்தாலும் சரியாக இருபது, இருபத்தைந்து நிமிடம் கழித்துத்தான் ஆரம்பிக்கிறது. நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் மறுபடி நன்றாக ஓடுகிறது. இப்படி நேரம் வைத்து வருகிற கோளாறு என்றால் எனக்கு முதல் சந்தேகம் சூடுதான்.

"சூடு இல்ல மாமா, பார்த்துட்டேன். 72தான் காட்டுது."

இங்கேதான் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். அந்த 72 என்பது கார்டின் நடுவில் படம் வரைகிற முக்கியச் சிப்பின் பொதுவான வெப்பம், கோர் என்று காட்டுவது. அதே சிப்பில் அதிகச் சூடான இடத்தின் அளவு ஹாட்ஸ்பாட். சிப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நினைவகச் சில்லுகளின் சூடு மூன்றாவது கணக்கு. எல்லாக் கார்டும் இந்த மூன்றாவதைக் காட்டாது, இவனுடையது காட்டும். இந்த அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற நிரலை இறக்கி, சென்சார் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு விளையாடச் சொன்னேன், கட்டம் வந்ததும் அதிகபட்ச அளவு இருக்கும் வரிசையைப் படம் எடுக்கச் சொன்னேன். கோர் 72. ஹாட்ஸ்பாட் 87. நினைவகம் 106.

இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் படித்தால்தான் கதை புரியும். கோருக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் 15 டிகிரி வித்தியாசம் சாதாரணம். அது 25, 30 என்று போயிருந்தால் சிப்பின் மேல் சூட்டைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது, அல்லது ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது, அல்லது சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோக ஹீட்சிங்க் ஒழுங்காக உட்காரவில்லை என்று நினைப்பேன். இங்கே சிப்பு நலம். நினைவகம் மட்டும் தனியாக வேகிறது. நினைவகச் சில்லு 100ஐத் தாண்டினாலே எனக்குக் கவலைதான். அந்தச் சூட்டில் அதில் எழுதிய எண் ஒன்றாகவும் திரும்பப் படித்த எண் வேறாகவும் போகலாம், அந்தத் தப்பு எண்தான் திரையில் பச்சைக் கட்டமாக நிற்கிறது.

ஆனாலும் ஒரே சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு ஓடக் கூடாது என்று, போனிலேயே செய்யக்கூடிய மற்றதையும் செய்து முடித்தோம். சேஃப் மோடில் போய் டிடியூ என்ற நிரலை வைத்துப் பழைய டிரைவரை அடியோடு நீக்கி, புதிதாகப் போட்டோம். மாற்றமில்லை. விண்டோஸ் கோளாறுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணில் பதிவுகள் இருந்தன. டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்லவில்லை, மீண்டுவிட்டது என்பது அதன் பொருள். கார்டு 2 விநாடிக்கு மேல் பேசாமல் இருந்தால் விண்டோஸே டிரைவரை உதறி எழுப்பும், விஸ்டா காலத்திலிருந்து இருக்கிற ஏற்பாடு இது. இந்தப் பதிவைப் பார்த்ததும் டிரைவர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டி வாரக்கணக்கில் டிரைவர் மாற்றிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கார்டு ஏன் பேசாமல் போனது என்று அந்தப் பதிவு சொல்லாது. ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பையும் அணைத்துப் பார்த்தோம், ஏனென்றால் ரேம் நிலையில்லாமல் இருந்தாலும் விளையாட்டு நடுவில் விழும். அதிலும் மாற்றமில்லை. பவர் கேபிளைப் பற்றியும் கேட்டேன். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் ஒரே வயரில் இரண்டு தலை இருக்கும், அந்த இரண்டையும் கார்டில் செருகியிருந்தான். 8 முனை இணைப்பு ஒன்றுக்கு 150 வாட், கார்டைச் செருகும் மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்து 75 வாட் என்பது வகுத்த அளவு. ஒரே வயரில் இரண்டையும் இழுக்காமல் தனித்தனி வயர் போடச் சொன்னேன். கட்டங்கள் போகவில்லை, ஆனால் அது எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான்.

அந்தச் சனிக்கிழமை சென்னையிலிருந்து பஸ் ஏறினேன்.

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்த இடத்தைப் பார்த்ததும் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. பழைய கம்ப்யூட்டர் மேசை, அடியில் சிபியு வைக்கப் பெட்டி மாதிரி ஒரு அறை, மூன்று பக்கம் பலகை, பின்பக்கம் சுவர் மூன்று விரல் இடைவெளியில். பின்னால் தள்ளும் சூடான காற்று சுவரில் மோதித் திரும்ப முன்பக்கமே வருகிறது. நம் ஊரில் நிறைய வீட்டில் இப்படித்தான் இருக்கும், அந்த மேசைகளைச் செய்த காலத்தில் கம்ப்யூட்டர் மொத்தமும் இழுத்த மின்சாரத்தை இப்போது கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றே இழுக்கிறது. கேபினட்டை வெளியே எடுத்துத் தரையில் ஒரு பலகை மேல் வைத்து, பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓட்டினோம். கோர் 66க்கு இறங்கியது. நினைவகம் 103. பக்கவாட்டைத் திறந்ததும் எல்லாமே பத்துப் பதினைந்து டிகிரி இறங்கினால் காற்றோட்டம்தான் பிரச்சினை என்று வைத்துக்கொண்டு ஃபேன் வாங்கலாம். இங்கே நினைவகம் மூன்று டிகிரிதான் அசைந்தது. அப்படியென்றால் தப்பு கார்டுக்குள்ளேயே இருக்கிறது.

தூசியும் இருந்தது, கொஞ்சநஞ்சமில்லை. அறைக்குப் பக்கத்தில் சமையலறை, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சாம்பிராணி. எண்ணெய்ப் புகையும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்தால் தூசி பிசுக்கு மாதிரி ஒட்டிக்கொள்ளும், பிளோயர் வைத்து ஊதினால் பாதிதான் போகும். மீதியை மெல்லிய பிரஷ் வைத்துத்தான் எடுக்க வேண்டும். பிளோயர் வைத்து ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் அது தன் வேகத்துக்கு மேல் சுற்றும், பேரிங் கெட்டுவிடும்.

இதற்கு நடுவில் இன்னொரு விஷயம். அவன் பார்த்த யூடியூப் வீடியோவில் இதே கார்டு 62 டிகிரியில் ஓடுகிறதாம், தன்னுடையது 72 என்று அதற்கும் சேர்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தான். அந்த வீடியோ எடுத்தவர் குளிர்நாட்டுக்காரர், அவர் அறை 21 டிகிரி. அவர் கார்டு அறையைவிட 41 டிகிரி கூடுதல். இவன் அறை அன்று மதியம் 36. கூட்டிப் பாருங்கள், 77 வர வேண்டும், இவனுக்கு 72தான் வருகிறது. மின்விசிறி காற்றை வைத்துக் குளிர்விக்கும் எதுவும் அறைச் சூட்டுக்குக் கீழே போகாது. ஆகவே எண்ணை நேராக ஒப்பிடாமல் அறை வெப்பத்தைக் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும். சுவரில் ஒரு சின்னத் தெர்மாமீட்டர் மாட்டி வைத்தால் போதும். மார்கழியில் நன்றாக ஓடிய கார்டு சித்திரையில் சொதப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் பாகம் ஒன்று இருந்தால் அதை வெயில் தள்ளிவிடும்.

சரி, கார்டைத் திறந்தோம். வாரன்டி இருக்கிற கார்டு என்றால் திறக்காதீர்கள், முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள். இவனுடையதற்கு வாரன்டி முடிந்துவிட்டது, திருகு ஒன்றின் மேல் இருக்க வேண்டிய ஸ்டிக்கரும் கிழிந்திருந்தது, நமக்கு முன்னால் யாரோ திறந்திருக்கிறார்கள். பின்பக்கத் திருகுகளைக் கழற்றி, கையிலிருக்கும் நிலைமின்சாரம் இறங்க இரும்புக் கேபினட்டை ஒருமுறை தொட்டுவிட்டு, ஹீட்சிங்க்கை லேசாக இப்படியும் அப்படியும் அசைத்து விடுவித்தோம். நேராகப் பிடித்து இழுக்கக் கூடாது. உள்ளே ஃபேனுக்குப் போகும் வயர் ரொம்பச் சின்னது, இழுத்த வேகத்தில் பிய்ந்து வந்துவிடும்.

உள்ளே எட்டு நினைவகச் சில்லுகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு தெர்மல் பேட், சில்லின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் மெத்தை மாதிரியான துண்டு. ஆறு துண்டு சாம்பல் நிறம், இரண்டு நீலம். சாம்பல் துண்டுகளில் சில்லின் சதுர அச்சு ஆழமாகப் பதிந்திருந்தது, அழுத்தம் சரியாக விழுந்ததற்கு அடையாளம். நீலத் துண்டு இரண்டும் கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே வழுவழுவென்று இருந்தன. அச்சே இல்லை. ஹீட்சிங்க் அவற்றைத் தொடவே இல்லை. முன்னால் திறந்தவர் இரண்டு துண்டு கிழிந்துபோய், கையிலிருந்த மெல்லியதை வைத்து மூடியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்திருக்கும், அவ்வளவுதான். அந்தக் காற்று இடைவெளியைத் தாண்டிச் சூடு வெளியேற முடியாமல் இரண்டு சில்லும் வெந்துகொண்டிருந்தன, பக்கத்தில் ஆறு சில்லு நிம்மதியாக இருந்தன. அக்கா மகன் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். "இதுக்கா மாமா புதுக் கார்டு வாங்கச் சொன்னாங்க?"

பேட் வாங்கும்போது தடிமன் முக்கியம், 0.5, 1, 1.5, 2 மில்லிமீட்டர் என்று வரும். மெல்லியது போட்டால் இவன் கார்டு மாதிரி ஆகும். தடிமனானதைப் போட்டால் இன்னும் மோசம், ஹீட்சிங்க்கைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும், நடுவிலுள்ள சிப்பின் மேல் சரியாக உட்காராது, அப்போது கோரும் ஹாட்ஸ்பாட்டும் எகிறும். ஒரே மாதிரிக் கார்டிலேயே சில்லுக்கு ஒரு தடிமன், பக்கத்துப் பவர் பாகங்களுக்கு வேறு தடிமன் இருக்கலாம். இந்தக் கணக்குத் தெரியாதபோது நான் தெர்மல் புட்டிதான் போடுவேன். பிசைந்த மாவு மாதிரி இருக்கும், எவ்வளவு இடைவெளியோ அவ்வளவுக்கு நசுங்கிக்கொள்ளும். முன்பே ஆன்லைனில் வாங்கிப் பையில் வைத்திருந்தேன். எட்டுச் சில்லுக்கும் அதையே வைத்தோம். சிப்பின் மேலிருந்த பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துப் புதிய பேஸ்ட். திருகுகளைப் போடும்போது ஒன்றை முழுசாக முறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாமல், எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம்.

அன்று இரவு, அறை 35 டிகிரி. ஒரு மணி நேரம் ஓட்டினோம். கோர் 70, ஹாட்ஸ்பாட் 84, நினைவகம் 85. மெம்டெஸ்ட் வல்கன் என்று நினைவகத்தைச் சோதிக்கும் நிரல் ஒன்று இருக்கிறது, இலவசம். அதையும் அரை மணி நேரம் ஓட்டினோம். ஒரு பிழைகூட வரவில்லை. இதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது, ஏனென்றால் சூட்டில் இத்தனை மாதம் இருந்த சில்லு நிரந்தரமாகக் கெட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. கெட்டிருந்தால் என்ன புட்டி போட்டாலும் கட்டம் திரும்ப வந்திருக்கும், அப்போது கடையில் சொன்னதையே நானும் சொல்லியிருப்பேன்.

கார்டை ஓவனில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று அவன் நண்பன் சொன்னதாக அக்கா கேட்டாள். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். இப்போதைய கார்டுகளில் இருக்கும் ஈயமில்லாத பற்றாசு, பாகங்களைப் பலகையில் ஒட்டும் சால்டர், உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும், வீட்டு ஓவனில் அதற்குக் கீழேதான் வைப்பார்கள், பற்றாசு உருகவே உருகாது. விரிந்து சுருங்கும்போது விட்டுப்போன இணைப்பு தற்செயலாக ஒட்டிக்கொண்டு சில நாள் ஓடலாம், அப்புறம் போய்விடும். பிளாஸ்டிக் பாகங்களும் மின்தேக்கிகளும் வேறு கெடும், அந்தப் புகை படிந்த ஓவனில் திரும்பச் சாப்பாடு வைக்கவும் கூடாது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி இணைப்பு விட்டுப்போவது பெரிய நிறுவனங்களையே ஆட்டிய விஷயம். 2007இல் எக்ஸ்பாக்ஸ் 360இல் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுபோன சிக்கலுக்காக மைக்ரோசாஃப்ட் வாரன்டியை 3 வருடமாக நீட்டி, அதற்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. துணியைச் சுற்றிச் சூடேற்றிச் சரிசெய்கிற வித்தை அப்போதே பரவியது. அதுவும் சில நாள் வாழ்வுதான்.

மறுநாள் காலை அண்டர்வோல்ட் செய்தோம், அதாவது சிப்புக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைத்தோம். இதைப் பலர் கார்டை வகுத்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக்கிங் மாதிரி ஆபத்தானது என்று நினைத்து ஒதுங்குகிறார்கள், உண்மையில் எதிர்த்திசை. கார்டு எரிக்கும் மின்சாரம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறி இறங்கும். அதே வேகத்தை 1.05 வோல்ட்டுக்குப் பதிலாக 0.9 வோல்ட்டில் ஓட்ட முடிந்தால் சிப்பு எரிப்பதில் ஏறக்குறைய கால்பங்கு குறையும். எல்லாச் சிப்பும் அவ்வளவு இறங்காது, இவனுடையது 0.93 வரை நிலையாக நின்றது, அதற்குக் கீழே விளையாட்டு மூடிக்கொண்டது, ஒரு படி மேலே ஏற்றி விட்டுவிட்டோம். கார்டு விநாடிக்கு வரையும் ஃப்ரேம் எண்ணிக்கையையும் மானிட்டரின் 144 ஹெர்ட்ஸ் வேகத்துக்குக் கட்டினோம். கட்டாமல் விட்டால் வெறும் மெனுத் திரையிலேயே கார்டு நூற்றுக்கணக்கில் ஃப்ரேம் வரைந்து தள்ளிக்கொண்டிருக்கும், யாரும் பார்க்காத படத்துக்காகச் சூடாகும். மேசை அறைக்குள் கேபினட் திரும்பப் போகவில்லை. அக்கா முதலில் முகம் சுளித்தாள், வீடு பெருக்க இடைஞ்சல் என்று. அப்புறம் மூலையில் ஒரு சின்ன ஸ்டூல் கொடுத்தாள்.

அப்புறம் அந்த இரண்டு விநாடிக் கறுப்பு. அதுதான் இன்னும் அப்படியே இருந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாத கோளாறு, ஆனால் கறுக்கும் நேரத்தில் விளையாட்டுச் சத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது, ஈவென்ட் வியூவரிலும் அந்த நேரத்துக்கு எதுவும் பதியவில்லை. கார்டுக்குத் தெரியாமல் நடக்கிறது என்றால் வழியில்தான் எங்கேயோ. மானிட்டரை 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கினோம், ஒரு மணி நேரம் ஒரு தடவைகூடக் கறுக்கவில்லை. 144க்கு ஏற்றினோம், பத்து நிமிடத்தில் கறுத்தது. வேகம் கூடினால் கேபிளில் போகும் தகவல் கூடும், தரமில்லாத கேபிள் அங்கேதான் திணறும். அவன் போட்டிருந்தது மூன்று மீட்டர் டிஸ்ப்ளே போர்ட் கேபிள், மேசையைச் சுற்றிக் கொண்டுவருவதற்காக நீளமானதாக வாங்கியது. இப்போது கேபினட் பக்கத்திலேயே வந்துவிட்டதால் ஒன்றரை மீட்டர் போதும். தில்லைநகர்ப் பக்கம் போய்ச் சான்றிதழ் உள்ள கேபிளாகப் பார்த்து ஒன்று வாங்கி வந்தோம். அதோடு கறுப்பு நின்றது.

இப்போது ஆடி. காற்றில் மண் பறக்கிறது, முன்பக்க ஃபில்டர் பத்து நாளில் அடைத்துக்கொள்கிறது, கழற்றித் தண்ணீரில் அலசிக் காயவைத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். போன ஞாயிறு அனுப்பிய எண்கள்: அறை 33, கோர் 62, நினைவகம் 78. கார்டின் இரண்டு ஃபேன்களில் ஒன்று மட்டும் மெதுவாகச் சுற்றும்போது கரகரவென்று சத்தம் போடுகிறதாம். பேரிங் தேய்ந்திருக்கும். இறக்கையின் விட்டத்தையும், திருகு ஓட்டைகளுக்கு நடுவிலுள்ள தூரத்தையும், ஃபேன் ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணையும் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் சென்னை ரிச்சி தெருவில் தேட வேண்டும்.